கிடேரிக் கன்றுக்கு ஒரு குச்சி: பாலினம் பிரித்த விந்தை முதல்முறை பயன்படுத்துவோருக்கு

மாடு ஈன்றதும் எல்லாரும் முதலில் பார்ப்பது வாலுக்கு அடியில்தான். கன்று மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே ‘கிடேரியா, காளையா?’ என்ற கேள்வி வந்துவிடும். பாலுக்காக மாடு வளர்ப்பவருக்குக் காளைக் கன்று என்றால் முகம் கொஞ்சம் தொங்கும். ஒன்பது மாதம் காத்திருந்தாயிற்று, அடுத்த ஒன்பது மாதத்துக்குப் பிறகாவது பார்க்கலாம் என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது அதற்கு ஒரு வழி இருக்கிறது. பாலினம் பிரித்த உறைவிந்து. பார்த்தால் பேனா ரீஃபிலை விட மெல்லிய ஒரு குச்சி, உள்ளே 0.25 மில்லி விந்து. செயற்கைக் கருவூட்டலில், அதாவது ‘சினை ஊசி’யில், இதைப் போட்டால் சுமார் 90 சதவீதம் கிடேரிக் கன்றுதான். ஆனால் குச்சி வாங்குவது இதில் மிகச் சிறிய வேலை. எந்த மாட்டுக்குப் போடுகிறோம், எத்தனை மணிக்குப் போடுகிறோம் என்பதில்தான் காசு நிற்பதும் கரைவதும். அதனால் இந்தக் கட்டுரையில் மாட்டையும் மணியையும் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

ஆணா பெண்ணா என்று முடிவாவது எங்கே?

மாட்டின் ஒவ்வொரு செல்லிலும் 60 குரோமோசோம்கள், அதாவது 30 ஜோடிகள். அதில் ஒரு ஜோடிதான் பாலினத்தை முடிவு செய்வது. பசுவிடம் இரண்டும் எக்ஸ். காளையிடம் ஒன்று எக்ஸ், ஒன்று ஒய். பசுவின் சினைமுட்டை எப்போதும் எக்ஸைத்தான் தரும், வேறெதுவும் அதனிடம் இல்லை. காளையின் விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் விந்தணு முட்டையை அடைந்தால் கிடேரி, ஒய் அடைந்தால் காளை. இயற்கையாக விட்டால் காளைக் கன்றுகள் ஒரு துளி கூடுதலாகவே பிறக்கின்றன: நூற்றுக்கு 51 அல்லது 52.

ஆக, “இந்தப் பசு எப்போதும் காளைதான் போடும்” என்று பசுவைக் குறை சொல்வதில் பொருளில்லை. தொடர்ந்து மூன்று காளைக் கன்று ஈன்ற பசுவைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால், எட்டுப் பசுக்களில் ஒன்றுக்கு அப்படித்தான் நடக்கும் என்று சொல்லுங்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பார்த்தாலே தெரியும்.

பழைய முறைகளைப் பற்றி ஒரு வார்த்தை

வலது பக்கம் ஆண், இடது பக்கம் பெண் என்ற நம்பிக்கை அரிஸ்டாட்டில் காலத்திலேயே பழையது. அவர் தன் எழுத்தில் அதை எடுத்து விவாதித்திருக்கிறார். நிலவைப் பார்த்து ஊசி போடுவது, ஊசிக்கு முன் சோடா உப்புக் கரைசல் விட்டுக் கழுவுவது, பருவத்தின் (மாடு சினைக்குத் தயாராகும் நேரத்தின்) தொடக்கத்தில் போட்டால் கிடேரி, முடிவில் போட்டால் காளை என்பது, தீவனத்தை மாற்றுவது என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் கன்றுகளின் விகிதத்தை நம்பும்படி மாற்றியதாக நிறுவப்படவில்லை.

பிறகு ஏன் இவை சாகாமல் இருக்கின்றன? எந்த முறையைச் செய்தாலும், எதையுமே செய்யாவிட்டாலும், பாதிப் பேருக்குக் கிடேரி பிறந்துவிடும். அந்தப் பாதிப் பேர் ஊரெல்லாம் சொல்லுவார்கள், மீதிப் பேர் பேசாமல் இருப்பார்கள். ‘காளைக் கன்று பிறந்தால் பணம் வாபஸ்’ என்று ஒருவர் மருந்து விற்றால், பாதிப் பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவருக்கு லாபம்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு எந்தச் சரக்கையும் எடை போடுங்கள்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

எக்ஸ் குரோமோசோம் பெரியது, ஒய் சின்னது. அதனால் எக்ஸ் விந்தணுவில் டிஎன்ஏ ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல். இனத்துக்கு இனம் இது கொஞ்சம் ஏறும் இறங்கும். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிடித்துத்தான் முழுத் தொழில்நுட்பமும் நிற்கிறது.

ஹோக்ஸ்ட் 33342 என்ற சாயத்தை விந்தில் கலக்கிறார்கள். அது டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். லேசர் ஒளி பட்டதும் எக்ஸ் விந்தணு ஒரு இழை அதிகமாக ஒளிரும். விந்தணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசருக்கு முன்னால் ஓடும். கருவி ஒவ்வொன்றின் ஒளியையும் அளந்து, அது இருக்கும் நுண்துளிக்கு நேர் அல்லது எதிர் மின்னூட்டம் கொடுக்கும். கீழே இருக்கும் மின்தகடுகள் நேர்த்துளிகளை ஒரு பக்கமும் எதிர்த்துளிகளை மறுபக்கமும் இழுத்துவிடும். இத்தனையும் ஒரு நொடிக்குள் பல ஆயிரம் விந்தணுக்களுக்கு நடக்கிறது. விந்தணுவின் தலை துடுப்பு போலத் தட்டையானது என்பதால், சரியான பக்கம் திரும்பி நிற்காதவற்றைக் கருவியால் இனம் காண முடியாது; அவை கழிவுக்குப் போய்விடும். இறந்தவையும் போகும். எடுத்த விந்தில் பெரும்பகுதி இப்படியே வீணாவதால்தான் குச்சியின் விலை கூடுதல்.

அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி மையத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழுவினர் இந்த முறையில் பிரித்த விந்தணுவைக் கொண்டு 1989-இல் முயல் குட்டிகளைப் பிறக்க வைத்துக் காட்டினார்கள். மாட்டுப் பண்ணைகளுக்கு அது வணிகமாக வந்துசேர மேலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பின்னாளில், துளிகளைப் பிரித்து எடுப்பதற்குப் பதிலாக, வேண்டாத விந்தணுக்களை லேசராலேயே செயலிழக்கச் செய்யும் முறையும் சந்தைக்கு வந்தது.

இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி இரண்டு. ஒன்று, இந்த விந்தணுக்கள் நிறைய அடி வாங்கி வந்தவை: சாயம், லேசர், அழுத்தம், மின்புலம், அப்புறம் உறைநிலை. சாதாரண விந்தணுக்களை விடக் கருப்பையில் குறைந்த நேரமே உயிரோடு இருக்கும். இரண்டு, எண்ணிக்கையும் குறைவு. சாதாரணக் குச்சியில் ஒன்றரை முதல் இரண்டு கோடி வரை விந்தணுக்கள் இருக்கும். பாலினம் பிரித்த குச்சியில் நெடுங்காலம் 21 லட்சம்தான் அடைத்தார்கள். இப்போது 40 லட்சம் உள்ளவையும் கிடைக்கின்றன. இனி வரும் ஒவ்வொரு யோசனையும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் ஒரு காகிதம், ஒரு பேனா

வழக்கமான குச்சியில் 10 மாடு சினை நிற்கும் இடத்தில், பாலினம் பிரித்த குச்சியில் ஏழரை முதல் ஒன்பது வரை நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இதை மனதில் கொண்டு 20 நல்ல கன்னிக் கிடேரிகளை (இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்களை) எடுத்துக்கொள்வோம். சாதாரணக் குச்சியில் 60 சதவீதம் சினை என்றால் 12 கன்று, அதில் 6 கிடேரி. பாலினம் பிரித்ததில் 48 சதவீதம் என்றால் 10 கன்று, அதில் 9 கிடேரி. இரண்டு சினை குறைந்தது, மூன்று கிடேரி கூடியது. சரி, பரவாயில்லை.

இதையே சினை பிடிக்கத் தடுமாறும் 20 மாடுகளுக்குச் செய்தால்? சாதாரணத்தில் 40 சதவீதம், 8 கன்று, 4 கிடேரி. பிரித்ததில் 30 சதவீதம், 6 கன்று, கிடேரி ஐந்தரை. ஒன்றரைக் கிடேரிக்காக இரண்டு சினையை விட்டுக்கொடுத்திருக்கிறோம். விலை உயர்ந்த 20 குச்சிகளையும் செலவழித்திருக்கிறோம்.

செலவையும் பாருங்கள். சாதாரண ஊசிக்கு ஆகும் மொத்தச் செலவை ஒரு பங்கு என்று வையுங்கள். நல்ல கிடேரியிடம் ஒரு கிடேரிக் கன்று பெற சாதாரணக் குச்சியில் மூன்றே கால் பங்கு சொச்சம் ஆகும். பாலினம் பிரித்ததின் செலவு மூன்று மடங்கு என்றால் ஏழு பங்கு. தடுமாறும் மாட்டில் அதுவே பதினொரு பங்கு. உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பார்த்து, அந்தக் கூடுதல் காசுக்கு ஒரு நல்ல கிடேரிக் கன்றை வெளியிலிருந்து வாங்கிவிட முடியுமா என்று கேளுங்கள். முடியும், அதுவும் தாயின் பால் பதிவு தெரிந்த கன்றே கிடைக்கும் என்றால், குச்சி வேண்டாம். பெரும்பாலும் அப்படிக் கிடைப்பதில்லை என்பதால்தான் குச்சியின் பக்கம் வருகிறோம்.

எல்லா மாட்டுக்கும் போட்டுவிடலாமே என்ற ஆசை வரும். கிடேரிக் கன்று பிறந்த நாள் முதல் பால் தரும் நாள் வரை இரண்டு வருடத்துக்கு மேல் தின்னும், ஒன்றும் தராது. பத்துக் கறவை உள்ள பண்ணையில் வருடத்துக்கு இரண்டு மூன்று மாடு கழியும். இடையில் ஒன்றிரண்டு கன்று தவறலாம். ஆக மூன்று நான்கு கிடேரி போதும். மிகச் சிறந்த தாய்களை மட்டும் இதற்கு ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்குச் சாதாரணக் குச்சி போடுங்கள். இறைச்சிக்குக் கன்று விற்கும் இடங்களில் மற்ற பசுக்களுக்கு இறைச்சி இனக் காளையின் குச்சி போடுகிறார்கள். அதுவும் இதே யோசனைதான்.

எந்த மாட்டுக்கு?

முதல் இடம் கன்னிக் கிடேரிக்கு. கருப்பை புதிது, கன்று ஈன்ற களைப்பில்லை, பால் சுரக்கும் சுமையில்லை. மந்தையிலேயே நன்றாகச் சினை பிடிப்பவை இவைதான். இன்னொரு லாபமும் உண்டு. கிடேரிக் கன்று சராசரியாகக் காளைக் கன்றை விட இரண்டு மூன்று கிலோ எடை குறைவு என்பதால் தலையீத்து கொஞ்சம் சுலபமாகும்.

வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். அந்த இனத்தின் முழு வளர்ச்சி எடையில் 60 முதல் 65 சதவீதம் வந்திருக்க வேண்டும். முழு எடை 400 கிலோ ஆகும் மாடு என்றால், ஊசி போடும் நாளில் 240 முதல் 260 கிலோ. தராசு இல்லாவிட்டால் நெஞ்சுச் சுற்றளவு நாடா போதும். குறைந்தது இரண்டு பருவமாவது 18 முதல் 24 நாள் இடைவெளியில் ஒழுங்காக வந்ததை நீங்களே கண்டு எழுதியிருக்க வேண்டும். முதல் பருவத்திலேயே அவசரப்படாதீர்கள்.

கறவைப் பசு என்றால் முதல் இரண்டு மூன்று ஈத்துக்குள் இருப்பது நல்லது. கன்று ஈன்று 60 நாளாவது ஆகியிருக்கட்டும். அந்த ஈத்தில் கன்று இழுத்து எடுத்ததா, நஞ்சுக்கொடி விழாமல் நின்றதா, கருப்பையில் சீழ் இருந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த முறை சாதாரணக் குச்சி. பருவத்தில் வடியும் சளி போன்ற வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக வர வேண்டும்; கலங்கலோ வெள்ளைத் திரியோ இருந்தால் ஊசியே வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

உடல்வாகு நடுத்தரமாக இருக்கட்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் கடைசி விலா எலும்புகள் ஒன்றிரண்டு லேசாகத் தெரிய வேண்டும், இடுப்பு முனைகள் கூராகத் துருத்தக் கூடாது. குடற்புழு நீக்கம், தாது உப்பு இரண்டையும் ஊசிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

மூன்று தடவை போட்டும் நிற்காத மாட்டுக்கு ‘இதையாவது போட்டுப் பார்ப்போம்’ என்று பாலினம் பிரித்த குச்சியைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. இரண்டு கோடி ஆள் உள்ள படை தோற்ற இடத்துக்கு இருபது லட்சம் பேரை அனுப்புவது போல அது.

எந்தக் குச்சி?

குச்சி கன்றின் பாலினத்தைத்தான் மாற்றும், பாலை மாற்றாது. சுமாரான காளையின் குச்சியில் ஒன்பது சுமாரான கிடேரிகள் கிடைக்கும், அவ்வளவுதான். காளையின் மகள்கள் எவ்வளவு பால் தந்தார்கள் என்ற பதிவைக் கேளுங்கள். கிடேரிக்குப் போடுவதென்றால் ‘சுலபப் பேறு’ என்று மதிப்பிடப்பட்ட காளையாக இருக்கட்டும். கிடேரியின் தகப்பனும் அதே காளையோ அதன் உறவோ ஆகிவிடாமல் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரே காளையின் மகள்கள் கொட்டிலில் நிறைந்துவிட்டால் அடுத்த தலைமுறையில் இந்தத் தொல்லை கட்டாயம் வரும்.

வாங்கும்போது, இது கிடேரிக்கான குச்சிதானா என்று உறுதி செய்யுங்கள். காளைக் கன்றுக்காகப் பிரித்த குச்சியும் விற்பனையில் உண்டு. அப்புறம், எத்தனை சதவீதம் பெண் என்று எழுத்தில் தருகிறார்களா, குச்சிக்கு எத்தனை விந்தணு என்று கேளுங்கள். ‘கிடேரி அதிகம் வரும்’ என்று மட்டும் சொல்லி, எப்படிப் பிரித்தது என்று சொல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

எத்தனை மணிக்கு?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

பருவம் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 28 மணி நேரத்தில் சினைமுட்டை வெளியே வரும். வந்த பிறகு அது கருத்தரிக்கும் நிலையில் இருப்பது சில மணி நேரம்தான். சாதாரண விந்தணு ஒரு நாள் வரை காத்திருக்கும். அதனால் காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்ற பழைய விதி அதற்குப் பொருந்தியது. அதாவது சுமார் 12 மணி நேரத்தில். பாலினம் பிரித்த விந்தணுவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முட்டை வருவதற்குச் சற்று முன்புதான் அது உள்ளே போய்ச் சேர வேண்டும். ஆகவே பருவம் தொடங்கி 16 முதல் 24 மணி நேரத்துக்குள்.

‘தொடங்கி’ என்பதுதான் சிக்கல். காலை 6 மணிக்குக் கொட்டிலுக்குப் போகிறீர்கள், கிடேரி மற்றொன்று ஏறும்போது அசையாமல் நிற்கிறது. பருவம் 6 மணிக்கா தொடங்கியது? உங்களுக்குத் தெரிந்ததே 6 மணிக்கு. இரவு 9 மணிக்குக் கடைசியாகப் பார்த்தபோது ஒன்றுமில்லை என்றால், இடையில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கியிருக்கலாம். நடுவே பிடித்து இரவு ஒன்றரை என்று வையுங்கள். அதிலிருந்து 16 மணி நேரம் என்றால் மாலை ஐந்தரை. 24 என்றால் நள்ளிரவு ஒன்றரை. ஊசி போடுபவர் எவ்வளவு தாமதமாக வர முடியுமோ அவ்வளவு தாமதமாக, இருட்டிய பிறகு வரச் சொல்லுங்கள்.

மாலை 6 மணிக்குக் கண்டால் வேலை சுலபம். மதியம் 12 மணிக்குப் பார்த்தபோது இல்லை என்றால் தொடக்கம் பிற்பகல் 3 மணி என்று கொள்ளலாம். மறுநாள் காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை நேரம் இருக்கிறது. நல்ல குச்சியை மாலையில் பருவம் கண்ட மாட்டுக்கு வைத்துக்கொள்வது என் பழக்கம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பது. ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாவது, வேறு வேலை செய்யாமல் நின்று பாருங்கள். இரவு படுக்கப் போகுமுன் பார்ப்பது மிக முக்கியம். நேற்று மாலைக்குப் பிறகு இன்று காலைதான் பார்த்தேன் என்றால் மணிக்கணக்கே போட முடியாது; அந்தப் பருவத்தைச் சாதாரணக் குச்சிக்கு விடுங்கள்.

ஒற்றை மாட்டைக் கட்டி வைத்து வளர்ப்பவருக்கு ‘மற்றொன்று ஏறும்போது நிற்கிறதா’ என்று பார்க்க வழியில்லை. வழும்பைத்தான் படிக்க வேண்டும். முதலில் தண்ணீர் போல மெல்லியதாக வரும், மாடு கத்தும், தீவனத்தில் மனம் இருக்காது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். பிறகு வழும்பு கயிறு போல நீண்டு தொங்கும், வாலிலும் தொடையிலும் ஒட்டிப் பளபளக்கும். அதற்குப் பிறகு கெட்டியாகி அளவு குறையும், கத்துவதும் அடங்கும். கயிறு போல வந்ததை முதலில் கண்ட நேரத்தைக் குறித்து, அது கெட்டியாகத் தொடங்கும்போது போடுவது நம் கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். அறையில் (மாட்டின் பிறப்புறுப்பு வாயில்) லேசாக இரத்தம் கண்டால் பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டது; ஊசி போடாதீர்கள், தேதியை எழுதிவைத்து 18-ஆம் நாளிலிருந்து கண் வையுங்கள்.

நான் போட்ட முதல் குச்சியின் கதை இதுதான். காலை 6 மணிக்குக் கிடேரி நின்றது. விலை உயர்ந்த குச்சி, ஆசை வேறு. 11 மணிக்கெல்லாம் போட்டாயிற்று. 21-ஆம் நாள் மறுபடி கத்தியது. அடுத்த தடவை மாலையில் கண்டு, கையைக் கட்டிக்கொண்டு இரவைக் கடத்தி, மறுநாள் பத்து மணிக்குப் போட்டபோது நின்றது.

ஹார்மோன் ஊசி போட்டுப் பருவத்தை வரவழைத்து, நாள் குறித்துப் போடும் முறையும் உண்டு. புதியவர்களுக்குச் சொல்வேன்: முதல் சில குச்சிகளைத் தானாக வந்த பருவத்தில், கண்ணால் கண்டு போடுங்கள்.

குச்சியை வெளியே எடுக்கும் அந்த இரண்டு நிமிடம்

பெரும்பாலும் இதை நீங்கள் செய்யப் போவதில்லை, பயிற்சி பெற்றவர் செய்வார். ஆனாலும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் குச்சி இது. கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்கி, ‘எந்தக் குச்சி, எந்தக் குச்சி’ என்று தேடினால் மற்ற குச்சிகளும் கெடும். எங்கே எது இருக்கிறது என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். இடுக்கியால் எடுத்து, ஒரு உதறு உதறி, நேரே வெந்நீருக்குள்.

வெந்நீர் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ். நேரம் முக்கால் நிமிடம். தயாரித்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி. விரலை விட்டுப் பார்ப்பது அளவல்ல, வெப்பமானி வேண்டும். சட்டைப் பையிலோ அக்குளிலோ வைத்து உருக்குபவரிடம் இந்தக் குச்சியைக் கொடுக்காதீர்கள்.

வெளியே எடுத்ததும் மெல்லிய தாளால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணு சாகும். கருவியும் குளிர்ந்திருக்கக் கூடாது. தாளால் தேய்த்துச் சூடேற்றி, உடையோடு அணைத்து வெயில் படாமல் கொண்டுபோக வேண்டும். மாட்டைக் கட்டி, அறையைத் துடைத்துத் தயாராக வைத்த பிறகே குச்சியை உருக்க வேண்டும். உருக்கியதிலிருந்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குச்சி போதும்.

விட வேண்டிய இடம் கருப்பைக் கழுத்தைத் தாண்டியதும் வரும் கருப்பை உடல். கழுத்துக்குள்ளேயே விட்டால் உள்ள சில லட்சமும் அங்கேயே தங்கிவிடும். மெதுவாக, மனதுக்குள் ஐந்து எண்ணி அழுத்த வேண்டும். கை நன்றாகப் பழகாதவர் இதற்கு வேண்டாம். சாதாரணக் குச்சியில் அவர் போட்ட மாடுகளில் எத்தனை நின்றது என்று தயங்காமல் கேளுங்கள்.

போட்ட பிறகு மாட்டை ஓட்டாமல், அடிக்காமல், நிழலில் தண்ணீரோடு விடுங்கள். கடும் வெயில் காலத்தில் சினை பிடிப்பதே குறையும் என்பதால், குளிர்ந்த மாதங்கள் வரை குச்சியைக் காப்பாற்றி வைப்பது புத்திசாலித்தனம்.

18-ஆம் நாள் முதல்

18 முதல் 24 நாள் வரை மறுபடி மூன்று வேளைக் காவல். பருவம் திரும்பினால் இரண்டாவது முறையும் பாலினம் பிரித்த குச்சியைப் போடலாம். மூன்றாவது முறை வேண்டாம், சாதாரணக் குச்சிக்கு மாறுங்கள். ஒவ்வொரு தவறிய பருவமும் 21 நாள் தீவனம். திரும்பவில்லை என்றால் 30 நாளுக்கு மேல் ஸ்கேனிலோ, இரண்டு மாதத்துக்கு மேல் கையை விட்டுப் பார்த்தோ சினையை உறுதி செய்யுங்கள். சினையாக இருக்கும் சில மாடுகளும் பருவம் வந்தது போல நடிக்கும். பார்க்காமல் மறுபடி கருவியை உள்ளே செலுத்தினால் இருக்கும் கருவும் கலையக்கூடும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு: 60 முதல் 70 நாளுக்குள் நல்ல ஸ்கேன் கருவியும் பழகிய கண்ணும் இருந்தால் கருவின் பாலினத்தையே பார்த்துச் சொல்லலாம். அந்த நேரத்தில் பிறப்புறுப்பு மொட்டு காளைக் கருவில் தொப்புள்கொடி பக்கமும் கிடேரிக் கருவில் வால் பக்கமும் நகர்ந்திருக்கும்.

பெரிய பண்ணைகளில் ஏழு நாள் கருவிலிருந்து சில செல்களை எடுத்துச் சோதித்து, கிடேரிக் கருவை மட்டும் வாடகைத் தாய்க்கு மாற்றுவதும் நடக்கிறது. ஆய்வகம், ஆள், கருவிகள் எல்லாம் கேட்கும் வேலை அது. தொடங்குபவருக்குத் தேவையில்லை.

மீதிப் பத்து சதவீதம்

90 சதவீதம் என்றால் பத்தில் ஒன்று காளை. பத்துக் கன்று பிறந்தால் பத்தும் கிடேரியாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புக்குச் சற்று மேல்தான். இரண்டே குச்சி போட்டு இரண்டு கன்று பெறுபவர்களில் ஐந்தில் ஒருவர் வீட்டில் ஒரு காளைக் கன்றாவது இருக்கும். அதற்காகக் குச்சி விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பத்துக்கு நான்கு காளை என்றால் போய்க் கேளுங்கள், அப்போது நியாயம் உங்கள் பக்கம்.

இரட்டைக் கன்று பிறந்தால் ஒரு எச்சரிக்கை. ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால், கருப்பையில் இரண்டின் இரத்தமும் கலந்ததால் அந்தக் கிடேரி பத்தில் ஒன்பது முறை மலடாகவே வளரும். கறவைக்கு என்று நம்பி இரண்டு வருடம் தீவனம் போடாதீர்கள், மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

எந்தக் கன்றானாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், ஒரு நாளுக்குள் மொத்தமாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். தொப்புளுக்கு அயோடின். அப்புறம் நோட்டில் தேதி, தாய், காளை எண், பருவம் கண்ட மணி, ஊசி போட்ட மணி, கன்று என்ன என்று ஒரு வரி. பத்து வரி சேர்ந்தால் எந்த மணிக்குப் போட்டது நின்றது என்று உங்கள் கொட்டிலே உங்களுக்குச் சொல்லும்.

என் நோட்டில் முதல் வரி அந்தக் கிடேரியுடையது. இரவெல்லாம் காத்திருந்து, மறுநாள் பத்து மணிக்குப் போட்ட குச்சி. ஒன்பது மாதம் கழித்து, விடியற்காலையில், டார்ச் வெளிச்சத்தில் வாலைத் தூக்கிப் பார்த்தேன். காளைக் கன்று. அடுத்த ஈத்துக்கும் அதே பசுவுக்கு அதே வகைக் குச்சியைத்தான் போட்டேன்; போன கன்று என்ன என்பது இந்தக் கன்றுக்குத் தெரியாது.